காம்பு கிள்ளாத மிளகாய்

வருஷத்தில் பதினோரு மாதம் எங்கள் வீட்டில் பச்சை மிளகாய்க்கு ஒரே சட்டம்தான். வாங்கி வந்த கையோடு காம்பைக் கிள்ளிவிட வேண்டும். மிளகாய் அழுகத் தொடங்குவது காம்பில்தான். காம்பு போன மிளகாயை ஈரம் துடைத்துப் பழைய செய்தித்தாளில் பொதிந்து வைத்தால் பத்து நாளைக்குக் குறையாமல் தாங்கும். பங்குனி பிறந்தால் இந்தச் சட்டம் தலைகீழாகிவிடும். கூடத்தில் பழைய புடவையை விரித்து மூன்று கிலோ மிளகாயைக் கொட்டி, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துவிட்டு ஆயா முதலில் சொல்வது இதைத்தான்: "காம்ப மட்டும் கிள்ளிடாத கண்ணு. காம்பு போச்சுன்னா மொளகாயே போச்சு."

அப்போது அது எனக்கு விளங்கவில்லை. திருவொற்றியூரில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில், மொட்டைமாடி உள்ள வீட்டில் நாற்பது பங்குனிகளைப் பார்த்த பிறகு, மோர் மிளகாயில் இருக்கும் அத்தனை நுட்பமும் அந்தக் காம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது என்று தெரிகிறது.

மற்ற நாட்களில் பச்சை மிளகாய் கொசுறு. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கினால் கறிவேப்பிலை, கொத்தமல்லியோடு நாலு மிளகாயும் சேர்ந்து பைக்குள் விழும். யாரும் அதை முகர்ந்து பார்த்து வாங்குவதில்லை. பங்குனியில்தான் மிளகாய் தனக்கென்று தராசு ஏறும். ஆயா காலத்தில் இதற்காகவே கொத்தவால் சாவடிவரை போய் வருவார்கள். 1996-ல் மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்குப் போன பிறகு எங்களுக்குக் காலடிப்பேட்டை மார்க்கெட்தான். "மோர் மொளகாய்க்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடைக்கார அம்மா முன்னால் குவித்திருக்கும் ஒல்லி மிளகாயைத் தொடாமல் பின்னால் இருக்கும் கோணியை அவிழ்ப்பார். சுண்டுவிரலைவிடக் குட்டையாக, தோள் அகன்று, நுனி மழுங்கி, வெளிர்ப்பச்சையாக இருக்கும் காய்கள் அதில் இருக்கும்.

மிளகாய் பார்க்கத் தெரிந்தவர்கள் கண்ணை நம்பி வாங்குவதில்லை. ஒன்றை எடுத்து நடுவில் ஒடிப்பார்கள். 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் பறித்து நாளாகிவிட்டது. ஒடித்த வாயில் ஈரம் முத்துப்போல நிற்க வேண்டும். பிறகு தோலின் கனத்தை நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். மெல்லிய தோல் மோரில் கூழாகிவிடும், தடித்த தோல்தான் மூன்று நாள் ஊறலையும் பத்து நாள் வெயிலையும் தாங்கும். கடைசியாக மூக்கு. ஒடித்த மிளகாயிலிருந்து வருகிற அந்தப் பச்சை மணம், மழை பெய்த மறுநாள் புல்லை மிதித்தாற்போல, ஆனால் அதைவிடக் கூர்மையாக, நெற்றிப்பொட்டுவரை போக வேண்டும். மணம் வராத மிளகாய் எவ்வளவு காரமாக இருந்தாலும் ஆயா வாங்கமாட்டார்.

பங்குனி, சித்திரையில் இப்படிப்பட்ட காய் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ராமநாதபுரம் சீமையில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிற மிளகாய், மாசியில் பறிப்புக்கு வந்துவிடும். அதன்பிறகு சித்திரை தாண்டியும் பறிப்பு நடக்கும். அங்கே விளைகிற முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தோல் தடித்து, எண்ணெய் தடவினாற்போலப் பளபளப்பாக இருக்கும். பெரும்பாலும் செடியிலேயே பழுக்கவிட்டு வற்றலாக்கிவிடுவார்கள். மோர் மிளகாய்க்கு அதே தோல் வேண்டும், ஆனால் பழுப்பதற்கு முன்பே வேண்டும். சென்னைக்கு வருகிற பச்சை மிளகாயில் ஆந்திரத்துக் காயும் கர்நாடகத்துக் கோலார் பக்கத்துக் காயும் நிறைய. எந்த ஊர்க் காயானாலும் தோலையும் மணத்தையும் பார்த்துத்தான் கை எடுக்கும்.

மிளகாயைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் காரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரம் மிளகாயின் சின்னப் பாதி. நாக்கின் கணக்கில் அது ஒரு சுவையே கிடையாது. சூட்டை உணர்வதற்காக நம் நரம்புகளில் ஒரு வாயில் இருக்கிறது. மிளகாயின் காப்சைசின் அந்த வாயிலைத் திறந்துவிட, சுடாமலே சுட்டதாக உடம்பு நம்பிவிடுகிறது. 1997-ல் அதை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற இருவரில் ஒருவர். பறவைகளிடம் இருக்கும் இதே வாயில் காப்சைசினுக்குத் திறப்பதில்லை. கிளி மிளகாயைப் பழம் தின்பதுபோலத் தின்பது அதனால்தான். காரம் விதையில் இருக்கிறது என்றும் சொல்வார்கள். விதையைத் தாங்கிப் பிடித்திருக்கும் வெள்ளை நரம்பில்தான் அது ஊறுகிறது. விதையில் ஒட்டிக்கொண்டிருப்பது கொஞ்சம்தான்.

பெரிய பாதி மணம். 1969-ல் அமெரிக்காவில் குடமிளகாயின் மணத்தைப் பிரித்து ஆராய்ந்தவர்கள் அதில் மெத்தாக்ஸிபைரசீன் வகைப் பொருள் ஒன்றைக் கண்டார்கள். லட்சம் கோடி துளித் தண்ணீரில் இரண்டு துளி கலந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும் அளவுக்கு வீரியமுள்ளது. பச்சை மிளகாயின் பச்சை வாசனையும் அதே குடும்பம்தான். காய் பழுக்கப் பழுக்க அது குறைந்துபோகிறது. அதனால்தான் சிவப்பு மிளகாய் எவ்வளவு உசத்தியானாலும் பச்சையின் இடத்தை நிரப்ப முடிவதில்லை. சுடுவது, மோரில் போடுவது என்று பச்சை மிளகாய்க்கு நாம் செய்கிற எல்லாமே இந்த மணத்தைக் கட்டி வைக்கத்தான் என்பது என் எண்ணம். காரத்தைக் கூட்டவோ குறைக்கவோ யாரும் இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை.

சுடுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது அன்றைய வேலை, அன்றைக்கே தீர்ந்துவிடுவது. மிளகாய் வாங்கி வந்த நாளில் பொறுக்கி ஒதுக்கிய காய்கள் ஒரு கைப்பிடி தேறும். கீறல் விழுந்தவை, கோணலானவை, லேசாகச் சிவப்பு ஏறியவை. அவற்றுக்கு மறுநாள்வரை பொறுமை இல்லை. விறகு அடுப்பு இருந்தவரை தணலில்தான் சுடுவார்கள். இப்போது கேஸ் அடுப்பின் மேல் கம்பி வலை. ஊசியால் ஒரு குத்துக் குத்திவிட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் உள்ளே அடைபட்ட ஆவி வெடித்து விதை கண்ணில் தெறிக்கும். தோல் முதலில் பளபளக்கும், பிறகு வெள்ளையாகக் கொப்பளிக்கும், கொப்பளத்தின் முகட்டில் கருப்புப் புள்ளி விழும். புள்ளி பாதி உடம்புக்குப் பரவியதும் எடுத்துவிட வேண்டும். முழுக்கக் கருகவிட்டால் நெடி ஏறி வீடே இருமும், மணம் புகையோடு போய்விடும்.

இந்த நெடியை நாங்கள் நன்றாக அறிந்தவர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உப்பும் வற்றல் மிளகாயும் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டு, நெடி வருகிறதா என்று எல்லோரும் மூச்சை இழுத்துப் பார்ப்போம். நெடி வராவிட்டால் கண்ணேறு பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு மிளகாய் எரிவது வீட்டுக்கு நல்லதற்கு. சமையலில் எரிந்தால் கைத்தவறு.

சுட்ட மிளகாயை உரலில் அரைக்கக்கூடாது. கல்லுப்போடு கையால் நசுக்கி, நறுக்கிய சின்ன வெங்காயமும் துளிப் புளியும் சேர்த்து, நல்லெண்ணெய் ஒரு சொட்டு. பழைய சோறும் சுட்ட நெத்திலிக் கருவாடும் பக்கத்தில் இருந்தால் அதற்குமேல் ஒரு காலைச் சாப்பாட்டை நான் இதுவரை கண்டதில்லை. காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலம் முடிந்து திரும்புகிறவர்கள் வீட்டில் இது அன்றாடம். நீச்சத்தண்ணீரின் புளிப்பும் சுட்ட தோலின் புகைமணமும் கலந்து, நடுவே பச்சை வாசனை இனிப்பாக வந்து போகும். சுடாத மிளகாயில் இந்த இனிப்பு தெரியாது.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹாட்ச் என்ற சிற்றூர் பச்சை மிளகாய்க்குப் பேர்போனது. ஆகஸ்ட், செப்டம்பர் அறுவடையில் கடை வாசல்களிலேயே கம்பிக்கூண்டு உருளைகளில் மூட்டை மூட்டையாக மிளகாயைக் கொட்டி, கீழே தீயை ஊதிச் சுழற்றிச் சுடுவார்கள். தெருவெல்லாம் அந்த வாசனைதான். சுட்டதைத் தோலுரித்து உறைபெட்டியில் வைத்து வருஷம் முழுக்க எடுத்துச் சமைப்பார்கள். முதன்முதலில் அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகுதான் காயின் உடம்பு நினைவுக்கு வந்தது. அவர்களுடைய மிளகாய் ஒரு சாண் நீளம், சதை கனம். தோலை உரித்த பிறகும் சாப்பிட ஏதோ இருக்கும். நம்முடையதில் தோல்தான் சதை. உரித்தால் விதைதான் மிஞ்சும். அவர்களுக்குக் காய் குளிரைக் கொடுத்தது, நமக்கு வெயிலைக் கொடுத்தது. எந்தச் சேமிப்பு முறையும் காயின் தோலிலிருந்துதான் பிறக்கிறது.

இனி மோர் மிளகாய்.

எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு கோணி ஊசி உண்டு. தாத்தா ராயபுரத்தில் ஒரு கிடங்கில் மூட்டை தைக்கிற வேலையில் இருந்தவர். வேலையை விட்டபோது அவரோடு வீட்டுக்கு வந்தது அந்த ஊசி. நுனி லேசாக வளைந்து, கண் அகன்று, உள்ளங்கை நீளம் இருக்கும். பலர் மிளகாயைக் கத்தியால் கீறுவார்கள். கீறினால் மோர் சீக்கிரம் உள்ளே போகும் என்பது உண்மைதான். ஆனால் காயும்போது அந்தக் கீறல் வாயைப் பிளக்கும், விதை கொட்டும், பொரிக்கும்போது எண்ணெய் புகுந்து உள்ளே குடியிருக்கும். ஊசிக்குத்தில் மோர் மெதுவாக இறங்கும், இறங்கியது வெளியே வராது. காம்புக்குக் கீழே அரை விரல்கடை விட்டு ஒரு குத்து, நுனியில் ஒரு குத்து. "ஊசி அந்தாண்ட வரக்கூடாது. உள்ள போய் சொல்லிட்டுத் திரும்பி வந்துடணும்" என்பார் ஆயா. காம்பு ஏன் வேண்டும் என்பது இங்கேதான் புரியும். காம்பு இருக்கிறவரை மிளகாய் ஒரு மூடிய பாத்திரம். காம்பைக் கிள்ளினால் மூடி போய்விட்டது. உப்பும் புளிப்பும் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விடும்.

குத்துவதற்கு முன் விரல்களில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். காப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். முந்நூறு, நானூறு மிளகாய் தொட்ட கையை எத்தனை முறை தண்ணீரில் கழுவினாலும் எரிச்சல் ராத்திரிவரை இருக்கும். எண்ணெய் தேய்த்துத் துடைத்தால் பாதி துணியோடு போய்விடும்.

மோர் இரண்டு நாள் புளித்திருக்க வேண்டும், ஆனால் வாடை வந்திருக்கக்கூடாது. தயிரை மத்தால் சிலுப்பி வெண்ணெயை முழுக்க எடுத்த மோர். கொழுப்பு மிஞ்சினால் மாதக்கணக்கில் வைக்கும்போது சிக்கு வாசனை வரும். ஒரு கிலோ மிளகாய்க்கு ஆழாக்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கல்லுப்பு. கூடினால் கரிக்கும், குறைந்தால் மூன்றாம் நாள் ஜாடியின் மேல் நுரை கட்டும். சிலர் வெந்தயப்பொடி சேர்ப்பார்கள், சிலர் பெருங்காயம். நான் இரண்டையும் சேர்ப்பதில்லை. பெருங்காயம் பலமான ஆள். அது வந்தால் மிளகாயின் மணம் வாயைத் திறக்காது. சீனா ஜாடியில் போட்டு வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, காலையும் மாலையும் ஜாடியையே இரு கையால் பிடித்துக் குலுக்க வேண்டும். கரண்டி உள்ளே போகக்கூடாது. இரண்டாம் நாள் காய்களின் பளிச்சென்ற பச்சை மங்கி ஆலிவ் நிறம் வரும், மூன்றாம் நாள் எல்லாம் அடியில் அமர்ந்துவிடும். மிதக்கிற காய் இன்னும் குடிக்கவில்லை என்று அர்த்தம்.

அதன்பிறகு மாடி. காலையில் மிளகாயை மட்டும் வடித்தெடுத்துப் பாயில் பரப்பி, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போட வேண்டும். பகலெல்லாம் வெயிலில் தாகமெடுத்த மிளகாய் ராத்திரி மோரைக் குடிக்கும். மறுநாள் மறுபடியும் மாடி. மூன்று, நாலு நாளில் ஜாடியில் மோர் வற்றிவிடும். அதன் தண்ணீரை வெயில் எடுத்துக்கொள்ளும், உப்பும் புளிப்பும் மிளகாய்க்குள் தங்கிவிடும். அதற்குமேல் ஒரு வாரம் வெறும் வெயில்.

கடற்கரை ஊரில் இதைச் செய்வது உள்நாட்டில் செய்வதைப் போல் லேசான வேலை இல்லை. ராமநாதபுரத்துக் கரிசல் வெயிலில் அஞ்சு நாளில் காய்கிறது எங்களுக்குப் பத்து நாள் கேட்கும். காலையில் தரைப்பக்கத்திலிருந்து வருகிற காற்று உலர்ந்தது. பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் கடல்காற்று திரும்பும். உடம்புக்கு அது வரம், மிளகாய்க்கு ஈரம். உப்பு பூசிய மிளகாய் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் பக்கத்து மோர் மிளகாய்க்கு ஏழரை மணிக்கே பாய் விரிக்க வேண்டும், மூன்று மணிக்குள் சுருட்டிவிட வேண்டும். வெயில் இன்னும் இருக்கிறதே என்று அஞ்சு மணிவரை விட்டால் அன்றைய உழைப்பில் பாதி போய்விடும்.

தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர் என்பதால் இன்னொரு காவலும் வேண்டியிருக்கிறது. சில நாட்கள் காற்றில் மெல்லிய சாம்பல் இறங்கும், சில நாட்கள் கரித்தூசி. தாத்தாவின் மல் வேட்டியை ஒற்றையாக விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, அதன் நிழலில்தான் மிளகாயைக் காயவைப்போம். வெயில் வேட்டியைத் தாண்டி இறங்கும், தூசி வேட்டியில் தங்கும். சாயங்காலம் வேட்டியை உதறும்போது அம்மா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இந்தப் பக்கத்தில் வடாம் பிழிகிறவர்கள், வற்றல் போடுகிறவர்கள், கருவாடு காயவைக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த வேட்டி தெரியும். தங்கள் மாடியில் ஒரு முறம் மிளகாயைத் திறந்தவெளியில் காயவைக்க முடியாத நிலை ஒரு ஊருக்கு வந்திருக்கக்கூடாது. அந்தச் சாம்பல் நிற வேட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது. அதற்காக மிளகாய் போடுவதை யாரும் நிறுத்தவில்லை என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு.

மோர் மிளகாய் போடும் காலக்கணக்கில் இன்னொரு பொருத்தம் இருக்கிறது. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக்கிடக்கும். வலை பழுது பார்ப்பதும் பெயிண்ட் அடிப்பதுமாகத் துறைமுகம் வேறு ஓசையில் இருக்கும். ஃபைபர் படகுகள் கொண்டுவருகிற மீன் விலை ஏறி நிற்கும். ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடுகள்தான் அதிகம். அந்த இரண்டு மாதம் தட்டில் மீன் இருந்த இடத்தைக் கருவாடும் மோர் மிளகாயும் பங்கு போட்டுக்கொள்ளும். சித்திரை முதல் நாளுக்கு மறுநாள் தடை தொடங்கும்போது, பங்குனியில் போட்ட முதல் ஈடு காய்ந்து டப்பாவுக்கு வந்திருக்கும். யாரும் திட்டமிட்டு அமைத்ததில்லை. தடைக்காலம் இந்த நூற்றாண்டில் வந்தது, மோர் மிளகாய் அதற்கு எத்தனையோ காலம் முந்தியது.

காய்ந்ததா என்பதைக் காது சொல்லும். கண்ணுக்கு வைக்கோல் நிறம் ஏழாம் நாளே வந்துவிடும், அதை நம்பி எடுத்து வைத்தவர்கள் ஆடியில் பூஞ்சணம் பார்ப்பார்கள். முறத்தில் ஒரு கைப்பிடி போட்டுப் புடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் 'பொத் பொத்'தென்று விழும். காய்ந்திருந்தால் சலசலவென்று சருகு ஓசை, அதற்குள் இன்னொரு மெல்லிய ஓசை, ஒவ்வொரு மிளகாய்க்குள்ளும் விதை உருள்கிற கிலுகிலுப்பு. இந்த இரண்டாவது ஓசை கேட்க வேண்டும். கீறிய மிளகாயில் அது கேட்காது. குத்திய மிளகாயில், காம்பு மூடிய மிளகாயில் மட்டும்தான் கேட்கும். ஆயா முறத்தைக் காதோரம் வைத்துப் புடைப்பதைப் பார்த்தால் வீணை சுருதி சேர்ப்பவர்போல இருக்கும். எனக்கு அந்த ஓசையைப் பிரித்துக் கேட்கவே ஏழெட்டு வருஷம் ஆயிற்று.

ஒரு கிலோ பச்சை மிளகாய் கால் கிலோவாக இறங்கியிருக்கும். வெயிலின் சூடு ஆறிய பிறகுதான் மூட வேண்டும், சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும். கண்ணாடிப் பாட்டில்தான் நல்லது. பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் நாலாம் மாதம் மணம் டப்பாவுக்குப் போய்விடுகிறது. மழைக்காலம் வருவதற்கு முன், புரட்டாசியில் நல்ல வெயிலாகப் பார்த்து ஒரு நாள் மறுபடியும் மாடிக்கு எடுத்துப் போனால் அடுத்த பங்குனிவரை கவலையில்லை. உப்பு, புளிப்பு, வறட்சி மூன்றும் சேர்ந்து காவல் இருக்கும் இடத்தில் எந்தக் கிருமியும் குடியேறாது.

பொரிப்பது இதன் கடைசிக் கட்டம், பலர் கெடுக்கிற இடமும் அதுதான். எண்ணெய் புகையும் அளவுக்குக் காய்ந்திருந்தால் தோல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். நல்லெண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் ஒரே ஒரு மிளகாயைப் போட்டுப் பார்க்க வேண்டும். அது மெதுவாக உப்பி, நாலைந்து மூச்சு நேரத்தில் பொன்னிறமாகி, பிறகு தேன் நிறத்தைத் தாண்டி, காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போக வேண்டும். காப்பிக்கொட்டையில் எடுத்தால் தட்டுக்கு வரும்போது தன் சூட்டில் இன்னும் ஒரு படி கருக்கும். மோரிலிருந்து மிளகாய் குடித்து வைத்திருந்த பால் சர்க்கரையும் புரதமும் இந்தச் சூட்டில் சிவந்துதான் அந்த வறுத்த வாசனை வருகிறது. வெறும் உப்பில் ஊறவைத்துக் காயவைத்த மிளகாயைப் பொரித்தால் இந்த வாசனை பாதிகூட இருக்காது. பாலின் கேசீன் புரதம் காப்சைசினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் காரமும் அடங்கியிருக்கும். கடித்ததும் முதலில் உப்பு, உடனே புளிப்பு, பிறகு வறுத்த வாசனை, எல்லாம் போன பிறகு தொண்டையின் பின்பக்கத்தில் பங்குனியில் ஒடித்துப் பார்த்த அந்தப் பச்சை மணம் ஒரு நிழல்போல வரும். காரம் அதற்கும் பின்னால், கடைசியில். இந்த வரிசை தவறாத மோர் மிளகாய்தான் நல்ல மோர் மிளகாய்.

வடசென்னையில் வறுத்த மிளகாயின் அருமை தெரிந்த இன்னொரு கூட்டமும் உண்டு. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள். 1969-ல் அவர்களுக்காகப் பர்மா பஜார் தொடங்கப்பட்ட பாரிமுனைப் பக்கத்தில், சாயங்காலமானால் அத்தோ கடைகள் களைகட்டும். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு எல்லாவற்றையும் கையால் பிசைந்து, கடைசியில் வறுத்து இடித்த மிளகாயை விரலால் கிள்ளித் தூவுவார்கள். அந்தக் கிள்ளு இல்லாவிட்டால் அத்தோவுக்கு உயிர் இல்லை. தூளைப் பார்த்தாலே தெரியும், சிவப்பாக இருக்காது, செம்மண்ணுக்கும் மரப்பட்டைக்கும் நடுவே ஒரு நிறம். எந்த இடத்தில் வறுப்பதை நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை அது.

ஆனால் மோர் மிளகாய்க்குத் தக்க ஜோடி கூழ்தான். தயிர் சாதத்தைச் சொல்வார்கள், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் தயிர் சாதத்தில் ஏற்கெனவே புளிப்பும் பாலும் இருக்கின்றன, மிளகாய் சொல்வதையே சாதமும் சொல்கிறது. கேழ்வரகுக் கூழ் மண்வாசனையோடு மந்தமாக இருக்கும், தானாக எதுவும் பேசாது. ஒரு மடக்குக் கூழ், ஒரு கடி மிளகாய் என்று போகும்போது இரண்டும் ஒன்றையொன்று முழுதாக்கும். ஆடி மாதம் அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றும்போது தெருவே குண்டானும் சொம்புமாக வரிசையில் நிற்கும். வீட்டுக்குக் கூழ் வந்து சேர்வதற்குள் வாணலியில் மோர் மிளகாய் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று அம்மா அடுப்பின் முன் காத்திருப்பார்.

எங்கள் வீட்டில் ஆளுக்கு மூன்று மிளகாய் கணக்கு. அடுத்த பங்குனிவரை தாங்க வேண்டுமே. காம்பைப் பிடித்துக்கொண்டு கடிப்போம். கடைசிக் கடிக்குப் பிறகு விரலில் மிஞ்சுகிற காம்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும் ஆயா ஒவ்வொரு தட்டாகக் காம்பு எண்ணிக்கொண்டு வருவார். தம்பி தன்னுடைய நாலாவது காம்பைக் கறிவேப்பிலைக்கு அடியில் தள்ளி வைத்திருப்பான். ஆயா அந்தக் கறிவேப்பிலையை விரல்நுனியால் தூக்கிப் பார்ப்பார், பார்த்துவிட்டு மெதுவாக அதே இடத்தில் மூடி வைத்துவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்வார்.